மாப்பிள்ளைக்குப் பழைய மணிக்கூடு

டொறத்திக்குக் கோபம் வரக் காரணம் வேண்டும் என்று யாராவது நினைத்தால், அவர்களுக்கு டொறத்தியைத் தெரியாது என்று அர்த்தம். பஸ் பிந்தினால் கோபம். பஸ் நேரத்துக்கு வந்து, அவள் ஓடிவருவதைக் கண்டும் காணாதவன் போல ட்ரைவர் கதவைச் சாத்திக்கொண்டு போனால் அதைவிடக் கோபம். ஜெர்மனியில், ஒபன்பாக்கில் அவள் இருக்கிற மாடிக் கட்டடத்தில் குப்பையைப் பிரித்துப் போடாமல் ஒன்றாகக் கொட்டுகிறவர்களுக்கு அவள் பேசுகிற ஜெர்மனைக் கேட்டால், ஜெர்மன்காரரே வீட்டுக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொள்வார்கள். ஆனால் ஒன்று, அவள் பிழையான இடத்தில் கோபித்ததாக இதுவரை யாரும் நிரூபித்தது கிடையாது. அப்படித்தான் அவள் சொல்லுவாள்.

வேலையும் அதற்குத் தோதாகத்தான் வாய்த்தது. பிராங்பேர்ட் விமான நிலையத்தில் பயணிகளைச் சோதிக்கிற இடத்தில் நிற்கிறாள். சாம்பல் நிறத் தட்டைத் தள்ளிவிட்டு, பெல்ட், போன், மணிக்கூடு, எல்லாம் இதற்குள் போடு என்று நாள் முழுக்கச் சொல்ல வேண்டும். பைக்குள் தண்ணி இல்லை என்று சத்தியம் பண்ணுகிறவனின் பைக்குள் இருந்து முழுப் போத்தல் வரும். கத்தியா, சீச்சீ என்று சிரிக்கிறவளின் பைக்குள் பழம் வெட்டுகிற கத்தி கிடக்கும். இப்படி ஆயிரம் பேரைப் பார்த்த பிறகு மனிசரை நம்பு என்றால் எப்படி நம்புவது?

அவளுக்கு லாரா ஒரே பிள்ளை. பிராங்பேர்ட்டில் ஒரு வங்கியில் வேலை. இவனைத்தான் கட்டப்போகிறேன் என்று லாரா கூட்டிக்கொண்டு வந்தவன் அஷ்வின். திருச்சிப் பிள்ளை, டிரெஸ்டனில் படித்துவிட்டு இங்கே வேலைக்கு வந்தவன். அவன் சைவம், இவர்கள் யாழ்ப்பாணத்து வேதக்காரர். அதைப் பற்றி ஒரு பெரிய சண்டை பிடிக்க டொறத்தி ஆயத்தமாகத்தான் இருந்தாள். ஆனால் திருச்சியில் இருந்து போனில் கதைத்த அவனுடைய தாய் வசுந்தரா சண்டைக்கு இடமே தரவில்லை.

"கோயிலோ சர்ச்சோ, ரெண்டு பேரும் சந்தோஷமா இருந்தா சரிங்க" என்றுவிட்டாள் அந்த மனுசி.

சீதனம் என்ற சொல்லே அந்தப் பக்கத்தில் இருந்து வரவில்லை. நகை எவ்வளவு போடுவீர்கள் என்றும் கேட்கவில்லை. ஒன்றுமே கேட்காத சம்பந்தியோடு எப்படித்தான் கொழுவுவது? டொறத்திக்கு அதுவே ஒரு எரிச்சலாகக் கிடந்தது.

என்றாலும் மணிக்கூடு கட்டவேண்டும். டொறத்தியின் ஆட்களிடம் அது வழக்கம். கலியாணத்தன்று பெண்ணின் தகப்பன், அவர் இல்லாவிட்டால் தமையன், சபை பார்த்திருக்க மாப்பிள்ளையின் இடது கையில் மணிக்கூடு கட்டிவிடுவார். புத்தம் புது மணிக்கூடு, பெட்டியோடு. அதைப் பற்றி அவள் ஒருநாள் சாப்பாட்டு மேசையில் சொன்னபோதுதான் அஷ்வின் கரண்டியை வைத்துவிட்டு, கூச்சத்தோடு வாயைத் திறந்தான்.

"ஆன்ட்டி, தப்பா நினைக்கலைன்னா ஒண்ணு கேக்கட்டுமா? புது வாட்ச் வேணாம். பழசு ஒண்ணு கிடைக்குமா? டிரெஸ்டன் பக்கத்துல கிளாஸ்ஹூட்டேன்னு ஒரு ஊர் இருக்கு. ஈஸ்ட் ஜெர்மனி காலத்துல அங்க பண்ணின வாட்ச். தினமும் சாவி கொடுக்கணும். ஆன்லைன்ல ஒரு தடவை வாங்கி ஏமாந்துட்டேன் ஆன்ட்டி. உள்ள ஒரு வாட்ச், வெளியில இன்னொரு வாட்ச், டயல் மூணாவது வாட்ச். ஒரிஜினலா இருந்தா போதும். கிடைக்கலைன்னா எனக்கு ஒண்ணுமே வேணாம்."

டொறத்தியின் மனுசன் றெஜினோல்ட் மேசையில் ஒன்றும் சொல்லவில்லை. பாண் சுடுகிற ஆலையில் வேலை செய்கிற மனுசன், சத்தம் போட்டுக் கதைத்து யாரும் கேட்டதில்லை. பிள்ளைகள் போன பிறகு கோப்பை கழுவுகிற இடத்தில் வந்து நின்றுகொண்டு சொன்னார்.

"அந்த நாடே இப்ப இல்லை. அதின்ர மணிக்கூடு மட்டும் ஓடுமோ? மாப்பிள்ளைக்கு ஆரும் பழசைக் கட்டுவினமோ டொறத்தி? சனம் என்ன சொல்லும்?"

"சனத்துக்கோ கலியாணம்? வீடு கேட்டவனோ, கார் கேட்டவனோ? ஒண்டே ஒண்டுதான் வாய் திறந்து கேட்டவன். அதையும் குடுக்க ஏலாதெண்டால் பிறகு நாங்கள் என்ன பெண்வீட்டுக்காரர்? கள்ளம் இல்லாத ஒண்டை நான் தேடி எடுத்துத் தாறன். நீங்கள் கட்டிவிடுங்கோ, அது போதும்."

அவர் துவாயை எடுத்துக் கோப்பையைத் துடைத்தார். அவ்வளவுதான்.

தேடலாம் என்று வெளிக்கிட்ட பிறகுதான் தெரிந்தது, விமான நிலையத்தில் தான் பார்த்தவர்கள் எல்லாம் சுத்தத் தங்கங்கள் என்று. மாயின் ஆற்றங்கரைச் சனிக்கிழமைச் சந்தையில் ஒருவன் பழைய மணிக்கூடுகளைத் துணியில் பரப்பி வைத்திருந்தான். நூறு வீதம் அசல், என் தாய் மேல் ஆணை என்றான். பின்மூடியைத் திற, உள்ளே பார்க்கவேண்டும் என்றாள் டொறத்தி. திறந்தால் தூசி உள்ளே போய்விடும் என்றான். ஆற்றங்கரையில், காற்று அடிக்கிற இடத்தில், திறந்த கோணிப்பையில் மணிக்கூடு கொண்டுவந்தவன் சொல்லுகிற கதை அது! இந்த வயதில் தாயை ஏன் இழுக்கிறாய், அந்த மனுசி உனக்கு என்ன பாவம் செய்தது என்று அவள் போட்ட சத்தத்தில் பக்கத்தில் கிண்ணம் விற்றவளும் திரும்பிப் பார்த்தாள்.

இணையத்தில் ஒருவன். உள்ளே இருக்கிற இயந்திரத்தின் படம் அனுப்பு என்று கேட்டாள். முகப்புப் படத்தையே திரும்பத் திரும்ப அனுப்பினான், ஒவ்வொரு முறையும் ஒரு சிரிப்புப் பொம்மையோடு.

நகரத்துக்குள்ளே கண்ணாடிக் கதவு போட்ட கடை ஒன்றில் கோட்டுப் போட்ட பெடியன் ஒருவன் வெல்வெட்டில் வைத்துக் காட்டினான். காட்டுவதற்கு முன்னால் அவளுடைய வேலைச் சப்பாத்தை ஒரு பார்வை பார்த்தான். இதன் விலை உங்களுக்குத் தெரியும்தானே என்று கேட்டான். டொறத்திக்குக் காது சூடாகிவிட்டது. திற என்றாள். முகத்தைச் சுழித்துக்கொண்டு திறந்தான். டயலில் இருந்த பெயர் ஒன்று, உள்ளே இருந்த பெயர் வேறொன்று.

"பழுது பார்க்கும்போது மாற்றியிருப்பார்கள்" என்றான்.

"மாற்றினதை நான் கேட்ட பிறகு ஏன் சொல்லுகிறாய்? கேட்காவிட்டால்? கேட்காமல் வாங்கிக்கொண்டு போய் என் மருமகனின் கையில் கட்டியிருந்தால்?"

வெளியே வந்து எஸ்-பான் ரயிலில் ஏறினால் மூச்சு வாங்குகிறது. லாரா போன் எடுத்து, "அம்மா விடுங்கோ, அஷ்வின் ஒண்டும் நினைக்கமாட்டான், புதுசாய் ஒண்டு வாங்குவம்" என்றாள்.

"நீ போனை வை" என்றாள் டொறத்தி.

கடைசியில் லாராதான் அந்த விளம்பரத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்தாள். டிரெஸ்டனில் ட்ராம் ஓட்டி ஓய்வு பெற்ற ஒரு மனுசி, தான் கையில் கட்டியிருந்த மணிக்கூட்டை விற்கிறாளாம். டொறத்தி ஓய்வு நாளில் ரயில் ஏறிப் போனாள். போகிற வழி முழுக்க ஜெர்மனில் வசனங்களை அடுக்கிக்கொண்டே போனாள். திறக்கமாட்டேன் என்றால் இன்னது சொல்லவேண்டும், தூசி என்றால் இன்னது சொல்லவேண்டும் என்று.

திருமதி ஹென்ஷல் என்ற அந்த மனுசி கதவைத் திறந்து, குசினி மேசையில் இருத்தி, கோப்பி ஊற்றினாள். டொறத்தி கேட்பதற்கு முன்னமே ஒரு சின்னக் கத்தியால் பின்மூடியை நெம்பித் திறந்து அவள் முன்னால் வைத்தாள். பிறகு குறை சொல்லத் தொடங்கினாள்.

"இது கொஞ்சம் முந்தி ஓடும், கிழமைக்கு ஒருதரம் சரிப்படுத்த வேண்டும். கண்ணாடி மாற்றினது, அது அசல் இல்லை. இந்த ஓரத்தில் வடு தெரிகிறதா? ட்ராம் கதவில் அடிபட்டது. முலாம் இந்த இடத்தில் தேய்ந்துவிட்டது. டயல் மஞ்சளாகிப் போய்விட்டது, அது வயது. மற்றதெல்லாம் அன்றைக்கு எப்படி வந்ததோ அப்படியே இருக்கிறது."

 டொறத்தி அடுக்கிக் கொண்டுபோன வசனம் ஒன்றுக்கும் வேலை இல்லாமல் போய்விட்டது. தன் சாமானின் குறையைத் தானே சொல்லி விற்கிற ஒரு பிறவியை அவள் அன்றைக்குத்தான் கண்டாள்.

"ஏன் விற்கிறீர்கள்?"

"எனக்கு இப்போது முள் தெரிவதில்லை. மணி பார்க்க முடியாதவளின் கையில் இது என்னத்துக்கு?" மூடியை அழுத்திச் சாத்திவிட்டு, மணிக்கூட்டை நீட்டும்போது மனுசி விரலை ஆட்டிச் சொன்னாள். "ஒன்று. இதை மினுக்காதே. டயலில் கை வைக்காதே. அதைச் செய்தால் பிறகு இது வேறு ஏதோ ஒரு மணிக்கூடு."

திரும்பி வரும்போது ரயில் பிந்தியது. டொறத்தி கோபிக்கவில்லை. பைக்குள் கையை விட்டு விட்டு அந்த டிக் டிக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு வந்ததும் றெஜினோல்ட்டுக்கு எல்லாம் சொன்னாள். திறந்து காட்டினதையும், குறை சொன்னதையும், மினுக்கக்கூடாது என்றதையும் சொன்னாள். அவர் மணிக்கூட்டைக் கையில் எடுத்து, அந்த மஞ்சள் டயலையும் தேய்ந்த ஓரத்தையும் கன நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஓம் ஓம் என்றார். டொறத்தி மாதா சுரூபத்துக்குக் கீழே இருக்கிற மேசை லாச்சிக்குள் அதை வைத்துப் பூட்டாமல் விட்டாள். பூட்டவேண்டும் என்று ஏன் தோன்றும்? வீட்டுக்குள் கள்ளன் இல்லைத்தானே.

கலியாணத்துக்குக் கொஞ்ச நாள்தான் இருந்தது. மத்தியானம் வேலை முடிந்து வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டு நின்றவளை, றெஜினோல்ட் "இஞ்ச ஒருக்கா வா" என்று கூப்பிட்டார். அவர் முகத்தில் ஒரு சிரிப்பு. மேசையில் சிவப்பு வெல்வெட் பெட்டி ஒன்று.

"திறந்து பார். புதுசு மாதிரி வந்திட்டுது."

திறந்தாள். உள்ளே ஒரு மணிக்கூடு மஞ்சள் மஞ்சளாக மினுங்கிக்கொண்டு கிடந்தது. வெள்ளை வெளேரென்ற டயல், தங்க நிற எண்கள். ட்ராம் கதவில் அடிபட்ட வடு இல்லை. கூராக இருந்த விளிம்பெல்லாம் பாவித்த சவர்க்காரம் மாதிரி வழுவழுவென்று போயிருந்தது. முதலில் அவளுக்கு இது எந்த மணிக்கூடு என்றே விளங்கவில்லை. விளங்கியபோது கதிரையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ர மாதாவே! இதென்ன கோதாரி?"

"நகைக்கடை ஐங்கரனிட்டைக் குடுத்தனான். முலாம் போட்டு..."

"ஆரைக் கேட்டுக் குடுத்தனியள்? ஆரைக் கேட்டு? அந்த மனுசி விரலை ஆட்டி ஆட்டிச் சொன்னதை நான் உங்களுக்குச் சொன்னனானோ இல்லையோ? சுவருக்கோ சொன்னனான்?"

"பாக்க ஒரு மாதிரிப் பழசாய்..."

"பழசெண்டுதானே வாங்கினது! பழசுக்குத்தானே நாயாய் அலைஞ்சனான்! மண்டைக்குள்ள மாவோ கிடக்கு உங்களுக்கு? அந்தப் பிள்ளை கேட்டது ஒண்டே ஒண்டு. உள்ள ஒண்டு வெளிய ஒண்டு வேண்டாம் எண்டு கேட்டவன். இப்ப நாங்களே அவனுக்குக் கள்ள மணிக்கூடு செய்து வைச்சிருக்கிறம்! ஐயோ, விசரே உங்களுக்கு?"

றெஜினோல்ட் வெல்வெட் பெட்டியை மெல்ல மூடினார்.  ஜக்கெட்டை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். அவர் அப்படிப் பேசாமல் போனது டொறத்திக்கு இன்னும் கோபத்தை ஏத்தியது. திருப்பி இரண்டு வார்த்தை பேசுகிற மனுசன் என்றால் சண்டையாவது முடியும். கழற்றின சப்பாத்தைத் திரும்பக் கொழுவிக்கொண்டு, பெட்டியைத் தூக்கிப் பைக்குள் எறிந்துகொண்டு, எஸ்-பானுக்கு ஓடினாள்.

ஐங்கரனின் நகைக்கடை பிராங்பேர்ட் ரயில் நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில். ஊன்ட்றொப் அம்மன் கோயில் தேருக்கும் கடை போடுகிறவன், எல்லோருக்கும் தெரிந்த ஆள். அன்றைக்குக் கடையில் ஒரு குடும்பம் தாலிக்கொடி பார்த்துக்கொண்டிருந்தது.

"வாங்கோ அக்கா, கலியாண வேலை எல்லாம் எப்பிடி?"

"உம்மட கடைக்கு நெருப்பு வைக்க வந்திருக்கிறன். எங்க அந்தப் பழைய டயல்?"

தாலிக்கொடி பார்த்துக்கொண்டிருந்தவர்கள் கொடியைக் கீழே வைத்தார்கள்.

"அக்கா, றெஜினோல்ட் அண்ணை அதை எறியச் சொன்னவர்."

"எறிஞ்சு போட்டீரோ? உண்மையைச் சொல்லும்!"

"நகைக்கடைக்காரன் கடைக்குள்ள எதையக்கா எறியிறது? கூட்டினது, அராவினது, துடைச்ச துணி எல்லாம் உந்த வாளிக்குள்ளதான். தங்கத்தூள் கிடக்கும் எண்டு உருக்கக் குடுக்கிறது. இன்னும் குடுக்கேல்லை. ஆனால் அதுக்குள்ள தேட ஏலாது அக்கா."

ஏலாதாம்! டொறத்தி வாளியைத் தூக்கி, கண்ணாடி மேசைக்கு மேல் பேப்பரை விரித்துக் கவிழ்த்தாள். கறுத்த தூசி, நூல், உடைந்த கொக்கி, பழைய துணி. சட்டைக் கையை மடித்துவிட்டுக் கிண்டத் தொடங்கினாள். "பதுவை அந்தோனியாரே, காணாமல் போனதை எடுத்துத் தாறவர் எண்டு பேர் எடுத்தனீர். இண்டைக்கு நீர் எடுத்துத் தராட்டி உமக்கு என்ர கையால இனி ஒரு மெழுகுதிரியும் இல்லை, சொல்லிப்போட்டன்." பயமுறுத்தல் வேலை செய்தது. துணி ஒன்றுக்குள் ஒட்டிக்கொண்டு, மஞ்சளாக, வளையாமல், அந்தச் சின்ன வட்டத் தகடு வந்தது. அதை உள்ளங்கையில் வைத்து ஊதினாள். கண் கலங்கியது. கோபத்தில்தான் கலங்கியது என்று வையுங்கள்.

ஐங்கரன் ஒரு சின்ன உறையைக் கொண்டுவந்து கொடுத்தான். கொடுத்துவிட்டு நின்றான்.

"அக்கா, கோவிக்காதேங்கோ. நான் அண்ணைக்குச் சொன்னனான், பழைய மணிக்கூட்டுக்கு முலாம் பூசினால் மதிப்பில்லை எண்டு. அண்ணை அந்தக் கதிரையில இருந்து ஒரு கதை சொன்னவர். 'என்ர கலியாணத்தில எனக்குப் பழசைத்தான் கட்டினவை ஐங்கரன். சபைக்கு முன்னால கையை எங்க வைக்கிறதெண்டு தெரியாமல் நிண்டனான். அந்தப் பொடியனுக்கு அப்பிடி வரப்படாது. புதுசு மாதிரி ஆக்கித் தாரும்' எண்டவர். பிறகு நான் என்னத்தைச் சொல்லுறது?"

டொறத்தி டயலை உறைக்குள் போட்டாள். கடையில் எல்லோரும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கறுத்த கையோடு அப்படியே வெளியே வந்தாள்.

பழைய மணிக்கூடு! அவளுக்கு மறக்கவில்லை. மறக்காதது மட்டுமா? ஒவ்வொரு கொண்டாட்டத்திலும் அவள்தானே அந்தக் கதையைச் சொல்லுகிறவள். இவர்களுடைய கலியாணம் நடந்தது ஜெர்மனிக்கு வந்து அகதி முகாமில் இருந்த காலம். தகப்பன் யாழ்ப்பாணத்தில், வர வழியில்லை. ஸ்ருட்காட்டில் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவிக்கொண்டிருந்த அவளுடைய அண்ணைதான் தகப்பன் இடத்தில் வந்து நின்றவர். புது மணிக்கூட்டுக்கு அவரிடம் வழியில்லை. தன் கையில் கிடந்ததைக் கழற்றி மாப்பிள்ளைக்குக் கட்டிவிட்டார். கண்ணாடி வெடித்த மணிக்கூடு. "என்ர அண்ணை தன்ர கையில கிடந்ததையே கழட்டிக் கட்டினவர், அப்பிடி ஒரு மனுசன் ஆருக்குக் கிடைக்கும்?" என்று டொறத்தி பெருமையாகச் சொல்லுவாள். கேட்கிறவர்கள் தலையை ஆட்டுவார்கள். முப்பது வருசத்துக்கு மேலாக, ஒவ்வொரு முறையும், பக்கத்துக் கதிரையில் றெஜினோல்ட் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். ஒருநாளும் ஒன்றும் சொன்னதில்லை. அந்த மணிக்கூட்டை அவர் கலியாணத்துக்குப் பிறகு கட்டினதும் இல்லை. ஆலையில் மாவு பட்டுவிடும் என்பார்.

வீட்டுக்கு வந்து, கையைக் கூடக் கழுவாமல், கலியாண அல்பத்தை எடுத்தாள். பக்கம் பக்கமாகப் பார்த்தாள். பீடத்துக்கு முன்னால், கேக் வெட்டும்போது, வாசலில், எல்லாப் படத்திலும் மாப்பிள்ளையின் இடது கோட்டுக் கை விரல்வரைக்கும் இழுபட்டுக் கிடந்தது. வலது கை சரியாகத்தான் இருந்தது. இரவல் கோட்டு, கை பெரிது என்று இவ்வளவு காலமும் நினைத்திருந்தாளே, பேய்ச்சி!

றெஜினோல்ட் வந்து கதவடியில் நின்றார்.

"ஐங்கரனுக்குச் சொல்லுறியள், எனக்குச் சொல்லேல்லை!" என்று டொறத்தி கத்தினாள். "நேற்றுப் பழகினவனுக்குச் சொல்லுவியள். ஒரே பாயில படுத்தெழும்பினவளுக்குச் சொல்ல வாய் வரேல்லை, என்ன?"

"சொன்னால் நீ உன்ர அண்ணையோட சண்டைக்குப் போயிருப்பாய்."

"போயிருப்பன்தான்!"

"அதுதான் சொல்லேல்லை. அந்த மனுசன் தன்ர கையில கிடந்ததைக் கழட்டித் தந்தது. அதுக்கு மேல அவரிட்டை என்ன கிடந்தது? அவரில எனக்கு ஒரு கோவமும் இல்லை." அவர் அல்பத்தைப் பார்க்காமல் யன்னலைப் பார்த்துக் கதைத்தார். "பின்வரிசையில ஆரோ கேட்டான், மாப்பிள்ளையின்ர மணிக்கூடு ஓடுதோ நிக்குதோ எண்டு. எல்லாரும் சிரிச்சவை. நானும் சிரிச்சனான்."

டொறத்திக்கு இப்போது யாரோடு கோபிப்பது என்று தெரியவில்லை. பின்வரிசைக்காரனோடு கோபிக்கலாம், அவன் செத்தானோ இருக்கிறானோ. அண்ணையோடு கோபிக்க முடியாது. தன்னோடு கோபிக்க அவளுக்குப் பழக்கம் இல்லை. ஆனால் அன்றைக்கு அதுதான் வந்தது, எல்லோருக்கும் கொடுக்கிறதைவிடக் கூடவாகவே வந்தது.

அடுத்த நாள் ஒரு வயது போன மணிக்கூட்டுத் திருத்துநரிடம் போனாள். அவர் ஐங்கரன் ஒட்டின வெள்ளை டயலைப் பார்த்து முனகிக்கொண்டே கழற்றி, மஞ்சள் டயலைத் திரும்ப மாட்டிக் கொடுத்தார். வெளிக்கூட்டின் விளிம்பு போனது போனதுதான், வடுவைத் திரும்ப வைக்க முடியாது என்றார். டொறத்தி அவரோடு சண்டை பிடிக்கவில்லை. அங்கிருந்து நேரே ஒரு பெரிய கடைக்குப் போய், ஆம்பிளைகள் கட்டுகிற புது மணிக்கூடு ஒன்று வாங்கினாள். கடைக்காரப் பெட்டை நேரம் சரிப்படுத்துவதற்காகக் கண்ணாடியில் ஒட்டியிருந்த பிளாஸ்ரிக்கை உரிக்கப் போனாள்.

"தொடாதே!" என்ற சத்தத்தில் அந்தப் பெட்டை கையை எடுத்துவிட்டாள். "அதுக்கு மேல ஒருத்தரின் கையும் படக்கூடாது."

பின்னேரம் அதைப் பெட்டியோடு றெஜினோல்ட்டின் தேத்தண்ணிக் கோப்பைக்குப் பக்கத்தில் டொக்கென்று வைத்தாள்.

"இந்தாங்கோ. புதுசு. ஒருத்தனும் கட்டாதது. கலியாணத்துக்குக் கட்டிக்கொண்டு வாறியள், இல்லாட்டி நான் வரமாட்டன்."

அவர் பெட்டியைத் திறந்தார். பார்த்தார்.  "மினுங்குது" என்றார்.

கலியாணம் நல்லபடியாக நடந்தது. தேவாலயத்தில் தாலி கட்டி முடிந்து மண்டபத்துக்கு வந்தார்கள். ஸ்ருட்காட்டு அண்ணையும் வந்து முன்வரிசையில் இருந்தார், தலை முழுக்க வெள்ளை. மேடைக்குப் பக்கத்தில் வசுந்தரா பட்டுச் சேலையில் எல்லோரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றாள். மணிக்கூடு கட்டுகிற நேரம் வந்தது. றெஜினோல்ட் பெட்டியைத் திறந்து நீட்டினார். அஷ்வின் அதை எடுத்தான். காதில் வைத்தான். சின்னப் பிள்ளை மாதிரி அவன் முகம் மலர்ந்தது.

"ஆன்ட்டி! டயல் ஒரிஜினல்! எங்க பிடிச்சீங்க இதை?" பெருவிரலால் ஓரத்தைத் தடவினான். "அடடா, கேஸை யாரோ பாலிஷ் பண்ணிட்டாங்களே. எட்ஜ் எல்லாம் போச்சு. எந்த முட்டாள் பண்ணினானோ."

பாவம், பெடியனுக்கு என்ன தெரியும்? பழைய மணிக்கூட்டுக்காரர் எல்லோரும் பேசுகிற பேச்சுத்தான். ஆனால் றெஜினோல்ட்டின் இடது கை மெல்ல மெல்ல முதுகுக்குப் பின்னால் போனது. டொறத்தி கண்டாள்.

"ஆரை முட்டாள் எண்டுறீர்?"

மேளக்காரன் கூட நிறுத்திவிட்டான். லாரா "அம்மா!" என்றாள். கேட்டால்தானே.

"மினுக்கினது என்ர மனுசன். தனக்குப் பழசைக் கட்டினபோது ஊர் சிரிச்சது, உமக்கு அப்பிடி ஆரும் சிரிக்கக்கூடாது எண்டு மினுக்கினவர். அது பிழைதான். அதுக்கு நான் வீட்டில பேசவேண்டிய பேச்செல்லாம் பேசிப்போட்டன். இந்த மண்டபத்தில அவரைப் பேச எனக்கு மட்டும்தான் உரிமை. விளங்குதோ?"

முன்வரிசையில் அண்ணை தலையைக் குனிந்தார். அவரோடு பிறகு கதைக்கலாம்.

அஷ்வினின் முகம் சிவந்துபோனது. மணிக்கூட்டை அப்படியே றெஜினோல்ட்டின் கையில் திருப்பி வைத்தான்.

"அங்கிள், சாரி. நிஜமாவே சாரி. நீங்களே கட்டி விடுங்க. இனிமே இதை யாரும் தொட விடமாட்டேன்."

கட்டுவதற்கு இரண்டு கை வேண்டும். றெஜினோல்ட் முதுகுக்குப் பின்னால் இருந்த கையை முன்னால் கொண்டுவந்தார். வாரைத் துளைக்குள் விட இரண்டு மூன்று முறை முயற்சி செய்தார். கட்டி முடித்ததும் படப்பிடிப்பாளன் எல்லோரையும் நெருங்கி நிற்கச் சொன்னான். அப்போதுதான் டொறத்தி பார்த்தாள். மனுசனின் புது மணிக்கூட்டுக் கண்ணாடியில் அந்தப் பிளாஸ்ரிக் இன்னும் ஒட்டிக்கொண்டு, ஒரு ஓரத்தில் காற்றுக் குமிழோடு, பளபளத்தது.

"காலையில இருந்து கத்திறன், அதை உரியுங்கோ எண்டு! படத்தில விழப்போகுது!"

"கிடக்கட்டும் டொறத்தி" என்றார் றெஜினோல்ட். "புதுசெண்டு சனத்துக்குத் தெரியட்டும்."

அல்பத்தில் அந்தப் படம் இருக்கிறது. எல்லோரும் சிரிக்கிறார்கள், டொறத்தி மட்டும் முறைத்துக்கொண்டு நிற்கிறாள். அவளுக்குப் பக்கத்தில் றெஜினோல்ட் கோட்டுக் கையை முழங்கைக்குக் கிட்ட வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு, இடது கையை எல்லோருக்கும் முன்னால் நீட்டிப் பிடித்திருக்கிறார்.